நீங்க இறங்காத நீச்சல் குளத்துக்கு மாசா மாசம் கரண்ட் பில் கட்றீங்க!

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஃபேன் ஆஃப் ஆச்சான்னு ரெண்டு தடவை பார்ப்போம். ஆனா மெயின்டெனன்ஸ் பில் வந்தா ஒரு கேள்வி கேட்காம ஜிபே பண்ணிடுவோம். சி.ஏ. படிச்ச நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்னையில எங்க அப்பார்ட்மென்ட்ல 36 வீடு. போன வருஷ மீட்டிங்ல, காமன் இ.பி. பில் எகிறிடுச்சு, வீட்டுக்கு மாசம் 200 ரூபாய் ஏத்தணும்னு சொன்னாங்க. நம்ம வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் பொது இணைப்புக்குக் கிடையாது. முதல் யூனிட்லேர்ந்தே காசுதான். கணக்குக்கு யூனிட் 8 ரூபாய்னு வச்சுக்குவோம்.

பூல் மோட்டார் 2 ஹெச்.பி. மணிக்கு சுமார் 1.8 யூனிட் இழுக்கும். தினமும் 16 மணி நேரம் ஓடுச்சு. மாசம் 864 யூனிட், 6,912 ரூபாய். ஏன் 16 மணி நேரம்? "ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் சார்." குளத்துல 80,000 லிட்டர் தண்ணி, பம்ப் மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும். 8 மணி நேரத்துல மொத்தத் தண்ணியும் ரெண்டு சுத்து ஃபில்டர் ஆகிடும். டைமர் போட்டோம். மிச்சம் 3,456.

தோட்டத்துல ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்ச எட்டு 150 வாட் ஹாலஜனை 30 வாட் எல்.இ.டி.யா மாத்தினோம். மிச்சம் 2,765. ரெண்டும் சேர்த்து வீட்டுக்கு மாசம் சுமார் 173 ரூபாய். ஏத்தக் கேட்ட 200-ல பெரும்பகுதி இதுலயே வந்துடுச்சு.

"173 ரூபாய்க்கா இவ்ளோ அலட்டல்?"னு கேட்கலாம். என் கருத்து இதுதான்: 36 பேருக்குப் பிரிச்சுப் போடுற செலவு யாருக்கும் வலிக்காது, அதனால யாரும் கேட்க மாட்டாங்க. ஏத்தின மெயின்டெனன்ஸ் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன்னு மோட்டாரை ரொம்பக் குறைக்காதீங்க. தண்ணி பச்சையானா மிச்சம் பண்ணின காசு குளோரினுக்கே போயிடும். கோடையில, கூட்டம் அதிகமான நாள்ல நேரத்தைக் கூட்டித்தான் ஆகணும்.

வேகத்தை மாத்தக்கூடிய பம்ப் வாங்கலாமா? வேகம் பாதியானா மின்சாரத் தேவை கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகும். ரெண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் யூனிட் நாலில் ஒரு பங்குதான். ஆனா விலை அதிகம். பழைய மோட்டார் போகும்போது யோசிங்க. முதல்ல டைமர்.

இந்த ஞாயித்துக்கிழமை அசோசியேஷன்ல மூணே மூணு கேளுங்க: மோட்டார் எத்தனை ஹெச்.பி., தினம் எத்தனை மணி நேரம் ஓடுது, கடைசி மூணு காமன் பில்லுல எத்தனை யூனிட். வாடகைக்கு இருந்தாலும் கேளுங்க. கட்டுறது நீங்கதானே!