கழிவுப் பட்டியலில் சேர்க்குமுன்: வில்கமுவ வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அன்று எந்த மடிகணினியும் நின்றுபோகவில்லை. மறுநாளும் திறந்தது, புள்ளித்தாள் தட்டச்சானது, அச்சுப்பொறி ஓடியது. பழுதென்று யாரும் முறையிடாத ஒன்று அலுவலகத்தில் கோப்பாக உருவெடுப்பது அபூர்வம். அதனால்தான் இந்த மடல்.

விண்டோஸ் 11க்கு மாறினால் போயிற்று என்பார்கள். அதற்கு மைக்ரோசொப்ட் போட்டிருக்கும் நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலி வேண்டும். மடிகணினிகளுக்கான அந்த எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017 ஓகஸ்டில்தான். வலயத்தின் இருப்புப் பதிவேட்டைத் திறந்து, அதற்கு முன் வாங்கியவற்றை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். திரை நன்றாக இருக்கலாம், விசைப்பலகை நன்றாக இருக்கலாம், 4 ஜிபி நினைவகமும் இருக்கலாம். ஆனாலும் முறைப்படி விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது. ஆண்டு இறுதிப் பொருட்கணக்கெடுப்பு வரும்போது ‘பாவனைக்கு உதவாதவை’ என்ற நிரலில் இவற்றை எழுதிவிடுவது மிக எளிது. அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் செய்வதைக் கொம்பனி நிறுத்திவிட்டது என்பதற்காக வில்கமுவ விவசாயி எவரும் அதை மகாவலியில் தள்ளுவதில்லையே.

ஏன் கல்வி அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். மாத்தளை மாவட்டத்தின் நான்கு கல்வி வலயங்களில் உங்களுடையது கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசிய வனத்தை ஒட்டிக் கிடப்பது. ஒரு கணினியைத் திருத்த மாத்தளை நகரத்துக்கு அனுப்பினால் போகவர ஒரு நாள் போய்விடும். நகரத்துப் பாடசாலைக்குப் பழைய மடிகணினி ஒரு தொல்லை. உங்கள் பாடசாலைக்கு அதுவே கணினி அறையாக இருக்கக்கூடும். உங்கள் வலயத்தில் தமிழ் படிப்போர் மிகச் சிலர் என்பதை அறிவேன். ஆயினும் மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை அதிபர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். நீங்கள் தொடங்கினால் அவர்களுக்கு அது முன்மாதிரி.

இற்றைப்படுத்தல் இல்லாமலே ஓட்டினால் என்ன என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2023இல் லங்கா அரச மேகக்கணினிச் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களின் தரவு மீட்க முடியாமல் போயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் அடக்கம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடித்துவிட்டிருந்தது. காலாவதியான மென்பொருள், காப்புப் பிரதி இல்லாமை ஆகிய இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் கொழும்பின் நடுவிலேயே இப்படியாகும். மாணவர் விபரங்களும் பரீட்சைப் புள்ளிகளும் கிடக்கும் ஒரு பாடசாலை மடிகணினியில், ஊரெல்லாம் சுற்றிவந்த பென் டிரைவைச் செருகும்போது என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பணம் கட்டி நீட்டிக்கும் வழியும் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கான விலை, ஒரு கணினிக்கு முதலாண்டு ஒரு டொலர், அடுத்த ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு நான்கு. மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெற முறையான உரிம ஒப்பந்தம் வேண்டும். கணினியில் இருப்பது உண்மையான விண்டோஸாகவும் இருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் ‘விண்டோஸ் அடித்துத் தருகிறோம்’ என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்ப ஒழுக்கம் பற்றிப் பாடம் நடத்தும் அறையிலேயே திருட்டுப் பிரதி ஓடுவது அழகல்ல. எல்லாம் சரியாக அமைந்தாலும் அந்த நீட்டிப்பும் 2028 ஒக்டோபரில் முடிந்துவிடும்.

ஆகவே லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய இயங்குதளக் கரு அது. மாணவர்களின் சட்டைப்பையில் உள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிக்குள் இருப்பதும் அதே கருதான். எனவே ‘இது நம் பிள்ளைகளுக்குப் புதிது’ என்ற அச்சம் பாதி பொய். பழைய மடிகணினிக்கு, அந்தக் கருவின்மேல் அமைந்த லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு பொருத்தமானது. குறைந்தபட்சம் 2 ஜிபி நினைவகம் கேட்கும், 4 ஜிபி இருந்தால் தாராளமாக ஓடும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் உண்டு. பிறகு அடுத்த பதிப்புக்குப் போகலாம், அதற்கும் கட்டணமில்லை. ஒரு தடவை தரவிறக்கினால் போதும். அதே பென் டிரைவை ஒரு பாடசாலையிலிருந்து அடுத்த பாடசாலைக்குக் கொடுத்தனுப்பலாம். பிரதியெடுப்பது குற்றமில்லை, அனுமதிக்கப்பட்ட உரிமை.

இன்னொரு வசதியும் உண்டு. அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கி, வன்தட்டில் எதையும் தொடாமல் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். வைபை வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறியை அடையாளம் காண்கிறதா என்றெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். நிறுவ முடிவெடுத்தால் மட்டும், அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதியெடுத்துவைக்க வேண்டும். நிறுவும்போது வன்தட்டு அழிபடும். சுழலும் வன்தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் வரும் மாற்றம் இயங்குதளத்தை மாற்றியதால் வருவதைவிடப் பெரிது. சொற்பக் காசு இருந்தால் அதை முதலில் அங்கே போடுங்கள். 64 பிட்டுக்கு முந்திய மிகப் பழைய கணினிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்புகூட அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. அவை கழிவுக்குப் போகட்டும்.

பாடத்திட்டம் தடையாகாது. சாதாரண தரத்துப் பஸ்காலும் உயர்தரத்துப் பைதனும் லினக்ஸில் தாராளமாக ஓடும். ஆவணம், விரிதாள், முன்வைப்பு மூன்றுக்கும் லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. ஈ-தக்சலாவைக்கு ஒரு உலாவி போதும். மொழியும் தடையில்லை. சிங்களத்துக்கு விஜேசேகர விசைப்பலகை, தமிழுக்கு நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகை இரண்டும் லினக்ஸின் எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பில் இருக்கின்றன. ஒரே மடிகணினியில் இரண்டு பயனர் கணக்குத் திறந்து, ஒன்றைச் சிங்களத்திலும் மற்றதைத் தமிழிலும் வைக்கலாம். மெனுக்களில் அங்கங்கே ஆங்கிலம் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான்.

வராத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கெனன் எல்பிபி வரிசையின் சில பழைய அச்சுப்பொறிகள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். சில வைபை சில்லுகளுக்குத் தனியாக இயக்கி தேட வேண்டிவரும். மக்ரோ எழுதிய எக்செல் கோப்புகள் சரியாகத் திறக்காமல் போகலாம். பாமினியிலும் எப்எம் அபயவிலும் தட்டச்சிட்ட சுற்றுநிருபங்கள், அந்த எழுத்துருக்களை நிறுவும்வரை எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் ஏதும் அலுவலகத்தில் இருந்தால் அந்தக் கணினியைத் தொடவே வேண்டாம். நான் கேட்பது கணினி அறையையும் ஆசிரியர் அறையையும் பற்றித்தான். கணக்குக் கிளையை அல்ல.

பாடசாலைக்கு லினக்ஸைக் கொண்டுவருவதில் கேரளமும் தமிழ்நாடும் வெவ்வேறு வழியில் போயின, வெவ்வேறு விளைவு கண்டன. கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் அரச பாடசாலைக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பத்தாம் வகுப்பின் கணினிப் பரீட்சையே அதில்தான் நடக்கிறது. அங்கே மென்பொருளை விநியோகித்ததோடு வேலை முடியவில்லை. லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், பாடசாலைக்குத் தேவையானவற்றைச் சேர்த்துத் தமக்கென ஒரு பதிப்பையே ஆக்கிக்கொண்டார்கள். அந்தப் பணியை இன்று கைட் என்ற அரச நிறுவனம் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2011இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிகணினிகளில் விண்டோஸோடு பொஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பில் காட்ட ஆளில்லை. பிள்ளைகள் பலர் அதைத் திறந்தும் பாராமல் அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் நிரப்பிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

ஆசிரியர்தான் இதில் எல்லாம். வலயத்தில் லினக்ஸ் தோற்குமென்றால் அது சில்லாலோ இயக்கியாலோ தோற்காது. நிறுவிவிட்டுப் போனவர் திரும்பி வராததால் தோற்கும். ஆகவே ஒரே நாளில் எல்லாப் பாடசாலைக்கும் சுற்றுநிருபம் அனுப்பி மாற்றச் சொல்வதை நானே எதிர்ப்பேன்.

இந்த விடயத்தில் இலங்கை யாரிடமும் கையேந்தும் நிலையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களுக்குள் நம் நாட்டுத் தொண்டர்கள் எழுதிய சஹானா என்ற திறந்த மூல மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய உதவியது. பின்னர் பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலத் திட்டத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. கண்டியின் மலைத்தொடர் ஒன்றின் பெயரால் ஹந்தான லினக்ஸ் என்ற பதிப்பும் இங்கே உருவானது. மாணவர்களை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டது. எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். பாவிக்கச் சொல்லும் அலுவலகம்தான் அமையவில்லை.

கேட்பது இவ்வளவுதான். வலயத்தில் விருப்பமுள்ள ஒரு தகவல் தொழினுட்ப ஆசிரியரைத் தெரிவுசெய்யுங்கள். கழிவுப் பட்டியலுக்குக் காத்திருக்கும் மடிகணினிகளில் பத்தை அவருடைய பாடசாலைக்குக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவருடைய பாடவேளைகளைக் குறைத்து, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் பொறுப்பை எழுத்தில் ஒப்படையுங்கள். எழுத்தில் என்பது முக்கியம். வாய்மொழியாகத் தந்த பொறுப்பு அடுத்த இடமாற்றத்தோடு போய்விடும். ஒரு தவணை கழித்து, எத்தனை ஓடுகின்றன, எத்தனை மூலையில் கிடக்கின்றன என்று கேளுங்கள். பாதிக்கு மேல் கிடந்தால் என் யோசனை பிழை என்று கைவிட்டுவிடலாம். ஏற்கனவே கழிப்பதற்கென்று இருந்த பொருட்கள்தாமே, அரசுக்கு நட்டமில்லை. ஓடினால், அடுத்த பொருட்கணக்கெடுப்புக்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை மீளப் பாருங்கள்.

உங்கள் பதிலைச் சிங்களத்திலோ தமிழிலோ அனுப்பலாம். எந்த மொழியில் வந்தாலும் இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்