சார்ஜருக்கெல்லாம் சட்டமா என்று கேட்பவர்களுக்கு



எல்லா போனுக்கும் டைப்-சி என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது அத்துமீறலாம். விட்டிருந்தால் கம்பெனிகளே பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்குமாம். உங்களில் சிலரே இப்படி எழுதுகிறீர்கள். பழைய கணினியின் முதுகில் இருந்த சீரியல் போர்ட்டின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

டெர்மினலையும் மோடத்தையும் இணைப்பதற்காக 1960இல் அமெரிக்காவில் வந்தது ஆர்எஸ்-232 தரம். 1969இல் வந்த அதன் 'சி' பதிப்பு, எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்று சொன்னது. கனெக்டரின் உருவத்தைக் கட்டாயமாக்கவில்லை. 25 பின் கனெக்டர் வழக்கத்தால் நிலைத்தது; 1980களின் பிற்பகுதியில்தான் விதிக்குள் ஏறியது.

அதற்குள் 1984இல் ஐபிஎம் தன் ஏடி கணினியில் 9 பின் கனெக்டரை வைத்துவிட்டது. சிறிதாக்கியதில் குற்றமில்லை. எண்களை ஏன் மாற்ற வேண்டும்? 25 பின்னில் கணினி 2இல் அனுப்பும், 3இல் வாங்கும். 9 பின்னில் 2இல் வாங்கும், 3இல் அனுப்பும். கிரவுண்ட் 7இலிருந்து 5க்குப் போய்விட்டது. 1990இல் கமிட்டி அதற்கு டிஐஏ-574 என்று எண் கொடுத்து முத்திரை குத்தியது. பிள்ளை பிறந்து ஆறு வருடம் கழித்துப் பெயர் சூட்டு விழா! (அந்தப் பெயரையும் எல்லோரும் டிபி-9 என்று தவறாகவே சொல்கிறார்கள். சரியானது டிஇ-9. நடு எழுத்து கூட்டின் அளவைக் குறிக்கும். 'பி' என்பது 25 பின் கூடு.)

இத்தனைக்கும் விலை கொடுத்தது யார்? வாங்கியவர்தான். 25க்கு 9 மாற்றி ஒன்று. இரண்டு கணினிகளை நேராக இணைத்தால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், கேட்க ஆளிருக்காது. அதற்காகக் கம்பியைக் குறுக்கே மாற்றிய நல் மோடம் கேபிள் வேறு.

கனெக்டரைச் சட்டத்தால் கட்டிப்போட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது அடுத்த வாதம். 'சி' பதிப்பு வினாடிக்கு 20,000 பிட் வரைக்கும்தான் எழுதப்பட்டது. அதே 9 பின்னில் பிற்பாடு 1,15,200 பிட் ஓடியது. எந்தப் பின்னும் இடம் மாறவில்லையே!

கம்பெனிகள் பேசி முடிப்பதையும் பார்த்தாயிற்று. 2009இல் ஐரோப்பாவில் மைக்ரோ யுஎஸ்பிக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டவர்களில் ஆப்பிளும் உண்டு. 2012இல் லைட்னிங் கொண்டுவந்தது, கூடவே தனி விலைக்கு ஒரு மாற்றி. ஐபோனில் டைப்-சி வந்தது 2023இல், சட்டம் நிறைவேறிய மறு வருடம்.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் பையில் இன்னும் எத்தனை கன்சோல் கேபிள் கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள்.