சப்பாத்துத் தைப்பவர்களின் பூட்டு

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை அறிமுகப்படுத்தும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கதையை ஒப்பிக்கின்றன. எலியோ கிரேசி என்ற நோஞ்சான் இளைஞர், அண்ணன் கார்லோஸ் கற்பிப்பதை ஓரமாக அமர்ந்து பார்த்தார். ஜப்பானியக் கலை தம் உடலுக்கு ஒத்துவராததால் வலிமையின் இடத்தில் நெம்புகோல் தத்துவத்தைப் புகுத்தினார். புதிய கலை பிறந்தது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் விளம்பரத்தை வரலாறு என்று கற்பிப்பது அறிவுலகுக்கு அழகன்று.

கலையின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விளையாட்டு வடிவில் குத்துக்கும் உதைக்கும் இடமில்லை. எதிராளியைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். மேல்நிலையைக் கைப்பற்ற வேண்டும். மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ பணியவைக்க வேண்டும். பணிபவர் கையால் தட்டுவார். பிடி உடனே தளரும். வீழ்த்தினால் 2 புள்ளி. எதிராளியின் கால்களைக் கடந்து நிலைகொண்டால் 3. மார்பின்மேல் ஏறி அமர்ந்தாலோ முதுகைக் கைப்பற்றினாலோ 4. மல்லாந்து கிடப்பவரும் தோற்றவரல்லர். கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் ‘கார்ட்’ நிலையிலிருந்து அவர் ஆட்டத்தையே முடித்துவிடலாம். இக்கலையின் தனிச்சிறப்பு அதுவே.

இனி, நெம்புகோல் கதைக்கு வருவோம். கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் கோடோகனை நிறுவி ஜூடோவை வகுத்தார். குறைந்த முயற்சியில் நிறைந்த பயன் என்பது அவரது கொள்கை. ‘ஜூ’ என்ற சொல்லின் பொருளே நெகிழ்வு, இணக்கம். கானோவின் கலை வெளிநாடுகளில் நெடுங்காலம் ‘கானோ ஜியு-ஜிட்சு’ என்றும் அழைக்கப்பட்டது. கோடோகனில் பயின்ற மயேதா மிட்சுயோ 1914இல் பிரேசிலுக்கு வந்து, பின்னர் பெலெம் நகரில் குடியேறினார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவரே கார்லோஸ். மனாவுஸில் சடாகேவும் சாவோ பாவ்லோவில் ஓனோ சகோதரர்களும் கற்பித்தனர். ஜப்பான் ‘ஜூடோ’ என்ற பெயருக்கு மாறியபின், பிரேசிலில் பழைய பெயர் நிலைத்தது. அந்தப் பெயர் வேறுபாட்டையே தனிப் பிறப்புக்குச் சான்றாகக் காட்டுவது, பெயரைக் கொண்டு பொருளைக் களவாடும் வேலை.

பெயர்கள் வேறொன்றையும் காட்டிக்கொடுக்கின்றன. 1951இல் மரக்கானா அரங்கில் கிமுரா மசாஹிகோ எலியோவின் கையை முறுக்கிப் பூட்டினார். எலியோ தட்டவில்லை; அவர் தரப்பினரே ஆட்டத்தை நிறுத்தினர். அந்தப் பூட்டு இன்று உலகெங்கும் ‘கிமுரா’ என்றே வழங்குகிறது. தோற்கடித்தவரின் பெயரைத் தாங்கி நிற்பது பெருந்தன்மைதான். ஆனால் அப்பெருந்தன்மை ரியோவின் புறநகரை எட்டவில்லை.

மயேதாவின் மற்றொரு மாணவர் லூயிஸ் ஃபிரான்சா. அவரிடம் கற்ற ஒஸ்வால்டோ ஃபாடா, ரியோவின் புறநகரான பென்டோ ரிபெய்ரோவில், கட்டணம் செலுத்த இயலாத எளியவர்களுக்கும் கற்பித்தார். 1950களில் அவர் கிரேசி பள்ளிக்கு அறைகூவல் விடுத்தார். அவருடைய மாணவர்கள் கால்பூட்டுகளால் வென்றனர். வென்றவர்களுக்குக் கிடைத்த பட்டம் ‘சப்பத்தேய்ரோ’: செருப்புத் தைப்பவர். நம் ‘சப்பாத்து’ எந்தப் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததோ, அதே சொல்லின் வழித்தோன்றல்தான் இந்த வசை. தொழிலின் பெயரை வசையாக்குவது எத்தகைய செயல் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. மேட்டுக்குடியின் கையைப் பூட்டியவர் ‘கிமுரா’. காலைப் பூட்டியவர்கள் சக்கிலியர். ஒரே கலை, ஒரே தோல்வி, இருவேறு அகராதிகள்.

கிரேசி குடும்பம் எதுவுமே செய்யவில்லை என்று வாதிடுவதும் பொய்யாகும். தரைச் சண்டையை அவர்கள் பல்லாண்டுகள் கூர்தீட்டினர். அறைகூவல் ஆட்டங்களில் உடலைப் பணயம் வைத்தனர். 1993இல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் ஒல்லியான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைப் பணியவைத்தது மெய்யான வெற்றி. அந்தப் போட்டியைத் தொடங்கியவர்களுள் அவருடைய அண்ணன் ரோரியனும் ஒருவர் என்பதும் மெய். உழைப்புக்கு உரிய மதிப்பு உண்டு. அது ஏகபோகப் பட்டாவாகாது.

இகழப்பட்ட கால்பூட்டுகளே இன்று உயர்நிலை ஆட்டத்தின் முதன்மை ஆயுதங்களுள் சேர்ந்துவிட்டன. 2021 முதல் சர்வதேசக் கூட்டமைப்பும், அங்கி அணியாத ஆட்டங்களில் பழுப்பு, கறுப்புப் பட்டை பெற்ற வயதுவந்தோருக்கு ‘ஹீல் ஹூக்’ எனும் குதிகால் பூட்டை அனுமதிக்கிறது. புகழ்பெற்ற நோவா உனியாவோ அணியின் நிறுவனர்களுள் ஒருவர் ஃபாடாவின் வழிவந்தவர். நுட்பம் அரங்கேறிவிட்டது; ஆசிரியரின் பெயர் இன்னும் வாசலில் நிற்கிறது.

பலர் சேர்ந்து கண்ட அறிவு ஒருவர் பெயரில் பதிவாகும்போது ஆய்வு மாணவர்களுக்கு வலிக்கும். அந்த வலியை அறிந்தவர்களேனும் அடுத்த அறிமுகக் கட்டுரையில் கிரேசி என்று எழுதும் அதே பத்தியில் ஃபாடா என்றும் எழுதட்டும்.