படம் எடு; பறவையை விரட்டாதே!

கொலை, கொள்ளை, குழாயடிச் சண்டை என்று வருகிற இந்தப் பக்கத்தில் இன்று ஒரு பறவைக்காகப் பேச வந்திருக்கிறோம். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். இதிலும் குற்றம் இருக்கிறது, தடயம் இருக்கிறது, கண்ணால் கண்ட சாட்சியும் இருக்கிறது.

பறவையின் பெயர் கூழைக்கடா. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பார்த்திருப்பார்கள். எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் கூட்டமாக மிதக்கும். நீண்ட அலகு, அதன் கீழே தொங்குகிற தோல் பை. தண்ணீரோடு மீனை அள்ளும், தண்ணீரை வடிய விடும், மீனை மட்டும் விழுங்கும். சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும்!

சில நாட்களுக்கு முன் எண்ணூர் முகத்துவாரத்தில் நாம் கண்ட காட்சி இது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு வாலிபர்கள் கரையில் நின்றார்கள். ஒருவர் கையில் செல்போன். மற்றவர் கையில் கல். “பறக்கும்போது எடுத்தாத்தான்டா படம் சூப்பரா வரும்” என்று சொல்லி, தண்ணீரில் இருந்த பறவைகளைப் பார்த்து வீசினார். அத்தனையும் தண்ணீர் மேல் தடதடவென்று ஓடி, மூச்சுவாங்க எழும்பின.

வலை பின்னிக்கொண்டிருந்த மீனவப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா தம்பி, இன்னாத்துக்கு கல்லு வுடுற? அதுவும் நம்மள மாரி மீனுக்குத்தான் காத்துனு கீது” என்றார். வாலிபர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உடம்பு பாரமான பறவை அது. உட்கார்ந்த இடத்திலிருந்து காக்காய் மாதிரி சட்டென்று கிளம்ப முடியாது. தண்ணீரில் உதைத்து ஓடித்தான் எழும்ப வேண்டும். ஒரு படத்துக்காக நாலு தடவை கிளப்பினால், அன்றைய சாப்பாட்டில் மண் விழுந்த மாதிரிதான்.

இதே எண்ணூரில் கேமரா ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் கறுத்தது. கொசஸ்தலை ஆறு கறுத்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. மீனவர்கள் வாளியையும் குவளையையும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள். அந்தச் சமயத்தில், உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் படம் பத்திரிகைகளில் வந்தது. ஊரே “அய்யோ” என்றது.

எண்ணெய் பட்டால் பறவைக்கு என்ன ஆகும்? இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பறப்பது கஷ்டம். குளிர் தாங்காது. அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். வனத்துறை பிடித்துக் கழுவலாம் என்று போனால், பறக்கத் தெம்புள்ள பறவை கையில் சிக்காது.

பசுமைத் தீர்ப்பாயம் அந்த விவகாரத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அரசு 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500 நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவர் வாய் திறந்து கேட்டார். கூழைக்கடா எங்கே போய் மனு கொடுக்கும்? அதற்காகப் பேசியது அந்தப் படங்கள்தான். ஆகவே படமே எடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. எடுங்கள், தாராளமாக எடுங்கள். கல்லை மட்டும் கீழே போடுங்கள்.

கூடு கட்டும் இடத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கூழைக்கடா மரத்தில் கூட்டமாகக் கூடு வைக்கும் பறவை. ஆளைக் கண்டு தாய் எழுந்து போனால், அந்த நேரத்தில் முட்டை காக்காய்க்கு இரை. குஞ்சுக்கு வெயிலில் அவஸ்தை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்பதில்லை. பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைத்தாலும் அந்தச் சட்டத்தின்படி அது வேட்டைதான்!

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே இந்தப் பறவை கூடு கட்டுகிறது. அந்த ஊர் ஜனங்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு கிராமம் பண்டிகைச் சந்தோஷத்தையே விட்டுக்கொடுக்கிறது. பட்டணத்துக்காரர்களால் ஒரு கல்லை விட்டுக்கொடுக்க முடியாதா?

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது கொஞ்சம்தான். கிட்டே போகாதீர்கள். பறவை கழுத்தைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சிப்ஸ், மிக்சர் வீசாதீர்கள். ரேடியல் ரோட்டில் திடீரென்று வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவனும் உயிர்தான். எண்ணெய் பட்ட பறவையையோ நூலில் சிக்கிய பறவையையோ பார்த்தால், இடம், தேதி, நேரம் குறித்துப் படத்தோடு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எந்த நம்பருக்குச் சொல்வது என்று கரையில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பள்ளிக்கரணையிலும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு போர்டு, அதில் வனத்துறை போன் நம்பர், எடுக்க ஒரு ஆள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் ஆலைகளின் வடிகால்களைச் சோதியுங்கள். எண்ணெய் ஆற்றில் இறங்கிய பிறகு வாளியோடு ஓடுவதில் என்ன பிரயோஜனம்?

அந்த மீனவப் பெரியவருக்கு முகத்துவாரத்தில் சம்பளம் கொடுத்து யாரும் காவல் போடவில்லை. அவராகத்தான் கேட்டார். அடுத்த தடவை ஒருவன் கல்லை எடுக்கும்போது பக்கத்தில் நிற்கிற நீங்களும் கேளுங்கள்: “இன்னாத்துக்கு தம்பி?”