டெல்லி காற்றை அளக்கிறோம்... விஸ்வநத்தம் ரோட்டுத் தூசியை யார் அளப்பது?

தீபாவளி நெருங்கினால் போதும், சிவகாசி தேசியச் செய்தி ஆகிவிடும். 2018 அக்டோபர் 23-ல் பேரியம் கலந்த பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2025 அக்டோபரில் டெல்லியில் பசுமைப் பட்டாசை மட்டும் சில நாட்களுக்கு வெடித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. டிவி விவாதம், காற்றுத் தரக் குறியீடு, சிவப்பு நிற வரைபடம் என்று ஒரு மாதம் ஓடும். எல்லாமே டெல்லிக்காரர் நுரையீரலைப் பற்றி. நியாயமான கவலைதான்.

ஆனால் அந்தப் பட்டாசைச் செய்து அனுப்பும் ஊரில் காற்று எப்படி இருக்கிறது? சிவகாசியை ஒட்டியிருக்கிற விஸ்வநத்தத்தில் காலை எட்டு மணிக்கு ரோட்டோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆலை வேன், சரக்கு லாரி, ஷேர் ஆட்டோ, ஸ்கூல் பஸ், இதுக்கு நடுவில் டூவீலரில் துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள். ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்னாடி வருகிறவருக்கு ரோடு தெரியாது. அந்தத் தூசியை யாரும் அளப்பதில்லை. அதனாலேயே அது செய்தி ஆவதில்லை.

ரோடு மோசம், மரம் இல்லை, புகை தாங்கவில்லை. இந்த மூன்றையும் மூன்று மனுவாக எழுதி மூன்று ஆபீஸில் கொடுக்கிறோம். உண்மையில் மூன்றும் ஒரே பிரச்சினை. எப்படி என்று பார்ப்போம்.

ரோடு ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்கிறது?

முதல் காரணம் தண்ணீர். தாருக்கு வெயிலை விடப் பெரிய எதிரி தேங்கி நிற்கும் தண்ணீர்தான். ரோட்டின் நடுப்பகுதி கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும், ஓரத்தில் வடிகால் இருக்க வேண்டும். வடிகால் மண் மூடிக் கிடந்தால், ஒரு நல்ல மழைக்கே ஜல்லி வெளியே வந்துவிடும். அந்த ஜல்லியும் மண்ணும் டயரில் அரைபட்டுத்தான் அடுத்த வாரம் தூசியாகப் பறக்கிறது.

இரண்டாவது எடை. சிவகாசிக்குப் பட்டாசு மட்டும் தொழில் இல்லை. அச்சகங்களுக்குப் பேப்பர் ரீல் வர வேண்டும், காலண்டரும் நோட்டுப் புத்தகமும் வெளியே போக வேண்டும். பேப்பர் ரீல் ஏற்றிய லாரி சாதாரண எடை இல்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: அச்சின் மீது விழும் எடை இரண்டு மடங்கானால், ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு. இந்தியாவில் 2018-ல் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சு எடையையே மத்திய அரசு உயர்த்தியது. சட்டப்படி ஏற்றும் சுமையே கூடிவிட்டது. பஸ்ஸும் டிராக்டரும் போவதற்காகப் போட்ட கிராமத்து ரோடு இதை எப்படித் தாங்கும்?

மூன்றாவது வெட்டு. குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை. தோண்டியவர் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவார். ஒழுங்காக இறுக்காமல் மூடிய பள்ளம் மறுபடி பள்ளமாகத்தான் ஆகும்.

நான்காவது, பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடும் பழக்கம். இதனால் ரோடு உயர்கிறது, வீடு பள்ளமாகிறது, மழைத் தண்ணீர் வாசலுக்குள் வருகிறது. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு தெளிவாக உத்தரவிட்டார். உங்கள் தெருவில் கடைசியாக ரோடு போட்டபோது சுரண்டினார்களா? அடுத்த முறை போடும்போது வாசலில் நின்று கேளுங்கள்.

மரத்தை வெட்டினால் ரோடு நன்றாக இருக்குமா?

மரத்தை எடுக்கும்போது சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: அகலப்படுத்த இடம் வேண்டும், மின்கம்பி உரசுகிறது, நிழலில் ஈரம் காயாமல் தார் கெடுகிறது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் தார் கெடுவது ஈரத்தால் என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது வடிகாலை. வடிகாலைத் தொடாமல் மரத்தை மட்டும் எடுத்தால், நிழலும் போகும், ரோடும் போகும்.

நம் பக்கத்து ரோடுகளின் பழைய அடையாளமே புளியமரம்தான். நெடுஞ்சாலைத் துறை வெள்ளை, கறுப்புப் பட்டை அடித்து, நம்பர் போட்டு, வருஷா வருஷம் புளியை ஏலம் விட்ட மரங்கள். நான்கு வழிச் சாலை வந்தபோது பல ஊர்களில் அந்த வரிசை முதலில் போனது. போன இடத்தில் சாலை நடுவே அரளி வந்தது. அரளிப் பூ அழகுதான். அதன் நிழலில் பஸ்ஸுக்கு நிற்க முடியுமா?

வேம்பு, புங்கை, பூவரசு மாதிரி மரங்களின் இலைகள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மழை வந்தால் அது மண்ணில் இறங்கிவிடும். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இரண்டு பக்கமும் மாடி வீடுகள் இருக்கும் குறுகிய தெருவில், மேலே கூரை மாதிரி மூடிய அடர்ந்த மரங்கள் வாகனப் புகையைக் கீழேயே தேக்கவும் கூடும். எனவே எங்கே, எந்த மரம் என்பது முக்கியம். அதற்காக மரமே வேண்டாம் என்பது பதில் ஆகாது. சித்திரை வெயிலில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்தே வேலைக்குப் போகிறவருக்கு நிழல் அலங்காரம் இல்லை.

மரம் வெட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். இது பலருக்குத் தெரியாது. டெல்லிக்கு 1994-லும் கர்நாடகத்துக்கு 1976-லும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1955-ம் ஆண்டுச் சட்டம் மலைப் பகுதிகளுக்கு மட்டுமே. சமவெளிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2021-ல் அரசாணை மூலம் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மாவட்டப் பசுமைக் குழுவுக்கு கலெக்டர்தான் தலைவர். பொது இடத்தில் இருக்கும் மரத்தை எடுக்க இந்தக் குழுவின் அனுமதி தேவை. வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் 10 கன்று நட வேண்டும்.

இங்கேதான் ஓட்டை. வெட்டியதற்குக் கணக்கு இருக்கும். நட்டதற்கு போட்டோ இருக்கும். மூன்றாவது வருஷம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதற்குப் பதில் இருக்காது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு என்று அரசு சொன்னது. அந்த இலக்கில் கடை வாசல் வேப்பமரமும் சேர்த்திதானே?

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் போடாமல் விட வேண்டும் என்று 2013-ல் டெல்லி வழக்கொன்றில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் ஊரில் பேவர் பிளாக் கல்லை மரத்தின் கழுத்து வரைக்கும் பதிக்கிறோம். வேர் மூச்சு விட இடமில்லாமல் மரம் பட்டுப் போகிறது. அப்புறம், "ஆபத்தான மரம்" என்று வெட்டுகிறோம்.

காற்றின் கணக்கு என்ன?

நம் நாட்டு விதிப்படி பிஎம் 2.5 என்ற நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 5. தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. சிவகாசி இல்லை. பட்டியலில் இல்லாத ஊருக்கு அந்தத் திட்டத்தின் நிதியும் இல்லை.

வண்டிப் புகை என்றதும் சைலன்சரை மட்டும் நினைக்கிறோம். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 வண்டிகள் வந்த பிறகு புது வண்டியின் புகை குறைந்திருக்கிறது. ஆனால் பிரேக், டயர் தேய்மானமும், ரோட்டு மண் மறுபடி மறுபடி எழும்புவதும் இன்ஜினை மாற்றினால் குறையாது. மின்சார பஸ் வந்தாலும் பள்ளத்தில் தூசி கிளம்பும். குண்டும் குழியுமான ரோட்டில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் மாறி மாறி ஓட்டினால் டீசலும் கூடுதல், புகையும் கூடுதல். ரோட்டைச் சரிசெய்வதே இங்கே மலிவான காற்று சுத்திகரிப்பு.

சரி, யாரைப் போய்க் கேட்பது?

இதுதான் விஸ்வநத்தம் மாதிரி ஊர்களின் அசல் சிக்கல். 2021-ல் சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. விஸ்வநத்தம் ஊராட்சி. நகரத்தின் டிராஃபிக் இருக்கிறது, நகரத்தின் பட்ஜெட் இல்லை. ஒரே பயணத்தில் மாநகராட்சி ரோடு, நெடுஞ்சாலைத் துறை ரோடு, ஊராட்சி ரோடு என மூன்றையும் தாண்டுவீர்கள். பள்ளத்துக்கு எல்லை தெரியாது. ஆபீஸுக்கு நன்றாகத் தெரியும். போதாததற்கு, விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. தெருவில் வழிமறித்துக் கேட்க ஒரு தலைவர்கூட இல்லாத காலம் அது.

அதனால் முதல் கேள்வி: இது யார் ரோடு? மாநில நெடுஞ்சாலை, மாவட்ட சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. 2023-ல் வந்த 'நம்ம சாலை' செயலியில் போட்டோ எடுத்துப் போடலாம். மாநில நெடுஞ்சாலை, முக்கிய மாவட்ட சாலைகளில் 24 மணி நேரத்துக்குள், இதர மாவட்ட சாலைகளில் 72 மணி நேரத்துக்குள் பள்ளத்தை மூடுவோம் என்பது அரசே கொடுத்த கெடு. ஊராட்சி ரோடு என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு. கைதட்டிவிட்டு வராமல், எந்தத் தெரு, எத்தனை மீட்டர் என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ரோடு போட்ட ஒப்பந்தக்காரர் எத்தனை வருஷம் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்பதை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மரம் விஷயம் என்றால் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் பசுமைக் குழு அனுமதியின் நகலைக் கேளுங்கள்.

கேட்டால் நடக்குமா? 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், ரோட்டுப் பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அந்தப் பணத்தைப் பொறுப்பான அதிகாரிகளிடமும் ஒப்பந்தக்காரரிடமும் வசூலிக்கலாம் என்று சொன்னது. நல்ல ரோடு சலுகை இல்லை, வாழும் உரிமையின் பகுதி என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு விதியை அரசே கொண்டுவந்தால், மனு கொடுத்து அலைய வேண்டியதே பாதி குறையும்.

இந்த ஊருக்கு மட்டும் ஏன் அவசரம்?

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. தீக்காயம் பட்டவரை சிவகாசி அரசு மருத்துவமனைக்கு, நிலைமை மோசமென்றால் விருதுநகருக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வேண்டும். தோல் வெந்த உடம்பை ஆம்புலன்ஸில் படுக்க வைத்து அந்த ரோட்டில் கொண்டுபோவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஒரு அலறல். நிமிடக் கணக்கில் உயிர் போகும் தொழில் நடக்கும் ஊரில், ரோடு என்பது மருத்துவமனையின் முதல் வார்டு.

நாட்டின் திருவிழாவுக்குத் தேவையானதை இந்த ரோட்டு வழியாகத்தான் அனுப்புகிறோம். வரியும் கட்டுகிறோம். சிவகாசியிலும் அதை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களிலும் காற்றை வருஷம் முழுக்க அளக்கும் கருவிகளை வையுங்கள். சரக்கு லாரி போகிற ரோட்டை அந்த எடைக்கு ஏற்றபடி, வடிகாலோடு போடுங்கள். வெட்டிய மரத்துக்கு ஈடாக நட்ட கன்றுகளின் கணக்கை மூன்று வருஷம் கழித்து கிராம சபையில் வாசியுங்கள். கேட்பது இவ்வளவுதான். டெல்லிக்குக் கிடைக்கும் அக்கறையில் பாதி கிடைத்தால்கூடப் போதும், துப்பட்டா இல்லாமல் வேலைக்குப் போய்விடலாம்.