புஷ் போலீசும் ஜாரவாக்களும் நாமும்

ஜாரவாக்களோடு தகராறு என்று ஒரு செய்தி வந்தால் போதும், "பழைய புஷ் போலீசைக் காட்டுக்குள் இறக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்" என்று பேச நம்மவரிலேயே ஆளிருக்கிறது. அன்று அடங்கியதா? இந்தத் தீவின் வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

1858இல் வெள்ளை ஆட்சி இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவியது. மறு ஆண்டு மே மாதம் பழங்குடி மக்கள் வில்லும் அம்புமாகத் திரண்டு வந்து அபர்தீனைத் தாக்கினர். தப்பியோடி அவர்களிடம் தஞ்சம் புகுந்து ஓராண்டு வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி, முன்கூட்டியே வந்து காட்டிக் கொடுத்தார். துப்பாக்கி வென்றது. திவாரிக்கு விடுதலை கிடைத்தது. கிரேட் அந்தமானியருக்குக் கிடைத்தவை நோயும் அழிவும்தான். ஆயிரக்கணக்கில் வாழ்ந்த அந்த இனத்தில் இன்று எஞ்சியிருப்போர் சில பத்துப் பேர்.

ஜாரவாக்கள் மீது நடந்ததோ இதைவிட நீண்ட போர். தேடுதல் படை ஒற்றை வரிசையில் காட்டுக்குள் நுழையும். குடிசைகளைக் கண்டுபிடித்தால் இருட்டில் சூழ்ந்துகொண்டு சுடும். ஆனால் அந்தக் காட்டில் நாலடிக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரியாது. காட்டை அறிந்தவன் பதுங்கிக் காத்திருப்பான். இரும்பு முனை அம்பு சத்தமில்லாமல் வரும். 1902இல் இப்படிப் போன படையில் வாக்ஸ் என்ற அதிகாரியே அம்புக்குப் பலியானார். 1925இல் ராணுவப் போலீசை விட்டுத் தேடினார்கள்; முப்பதுக்கும் மேற்பட்ட ஜாரவாக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதோடு தாக்குதல் நின்றதா? இல்லை. ஒவ்வொரு தேடுதலும் அடுத்த பதுங்கித் தாக்குதலுக்கு விதை போட்டது.

1947இல் கொடி மாறியது. புஷ் போலீஸ் மாறவில்லை. பின்னர் அந்தமான் ட்ரங்க் ரோடு ஜாரவாக் காட்டைப் பிளந்துகொண்டு போனது. அதை வெட்டியவர்கள் யார்? ராஞ்சிக்காரரும் நம் தமிழ்த் தொழிலாளரும்தான். திட்டம் தீட்டியவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அம்புக்கு முன்னால் நின்றவன் கூலிக்காரன். காட்டை இழந்தவனும் வயிற்றுப்பாட்டுக்காக அதை வெட்ட வந்தவனும் ஒருவரையொருவர் எதிரியாக நினைக்கும்படி செய்யப்பட்டார்கள்.

1974இல்தான் அரசுக் குழு ஒன்று தேங்காயும் வாழைப்பழமுமாகக் கடற்கரையில் இறங்கி அவர்களோடு முதல் நட்பு கண்டது. மோதல்கள் உடனே ஓயவில்லை என்பது உண்மை. ஆனால் 1996இல் கால் ஒடிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவனைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் வைத்துப் பல மாதம் பார்த்துக் குணமாக்கி அனுப்பினார்கள். 1997இல் ஜாரவாக்கள் அம்பை விட்டுவிட்டுத் தாங்களாகவே வெளியே வந்தார்கள். நூறாண்டுத் துப்பாக்கி சாதிக்காததை மருந்தும் கட்டும் சாதித்தன.

அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம்? 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காட்டுக்குள் பன்றி வேட்டைக்கும் நண்டு பிடிக்கவும் திருட்டுத்தனமாகப் போகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. அவர்களில் தமிழரும் உண்டு. இதை மூடி மறைத்துப் பயனில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஜாரவாக்கள் வெறும் 380 பேர்.

காப்பகத்தின் வழியே செல்லும் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. "மூடினால் திக்லிப்பூரிலும் ரங்கத்திலும் இருக்கிற நோயாளி எப்படி வந்து சேருவான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை கடலில் இருக்கிறது. தினந்தோறும், ஏழைக்கு எட்டும் கட்டணத்தில், நேரம் தவறாத கப்பல் வேண்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது அந்தக் கப்பலைத்தான், துப்பாக்கியை அல்ல.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பிழைக்க இடம் தேடி வந்தவர்கள் நாம். இருக்கிற இடத்தையும் இழந்து நிற்பவனின் வலி நமக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? காப்பகத்துக்குள் திருட்டுத்தனமாகக் கால் வைப்பவன் தமிழனே ஆனாலும் சங்கம் அவனுக்குப் பரிந்து பேசக் கூடாது.