புள்ளிராஜா இப்போது எப்படி இருக்கிறார்?

பெருமதிப்புக்குரிய திட்ட இயக்குநர் அவர்களுக்கு,
தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்,
எழும்பூர், சென்னை.

ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் வழியில் வெள்ளானூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். டேங்க் ஃபேக்டரிக்குப் போகிறவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கிறவர்கள், செங்குன்றம் அரிசி மில்களுக்கு லாரி ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் வருவார்கள். பகலில் குழந்தைக்குச் சளி மருந்து, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை என்று சத்தமாகக் கேட்கிற அதே ஆண்கள், இரவு ஒன்பதரைக்கு மேல் வேறு குரலில் பேசுவார்கள். அந்த இரவுக் குரலைப் பற்றித்தான் தங்களுக்கு இந்த மடல்.

போன வருடம் ஒரு நாள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தெருவிளக்கின் ஓரமாகவே நின்றிருந்தார். கடையில் இருந்த கடைசி ஆள் போனதும் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “அண்ணே, அந்த நூறு ஒண்ணு குடுங்க” என்றார். நூறு என்றால் நூறு மில்லிகிராம் சில்டெனாஃபில். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தருவதில்லை என்றேன். “சீட்டுக்கு எங்கண்ணே போவேன்?” என்றார். வேறு ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். முதலில் சத்து மாத்திரை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கையிலிருந்த மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தார். டப்பாவின் லேபிள் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டியும் போகாமல் மூன்றே எழுத்து மிஞ்சியிருந்தது: ரிட்டோ.

மருந்தாளுநருக்கு அந்த மூன்று எழுத்து போதும். அது ரிட்டோனவிர். எச்.ஐ.வி.க்கான முதல் நிலைக் கூட்டு மருந்து பலன் தராமல் போனவர்களுக்கு, இரண்டாம் நிலையில் அட்டாசனவிர், லோபினவிர் போன்றவற்றுடன் சேர்த்துத் தருவது. ரிட்டோனவிரின் வேலையே, கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கிற வேகத்தைக் கட்டிப்போடுவதுதான். அதனால் கூட வரும் எச்.ஐ.வி. மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்கும். ஆனால் அதே தடை சில்டெனாஃபிலுக்கும் பொருந்தும். ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். ரிட்டோனவிர் எடுப்பவருக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. இவர் கேட்டதோ நூறு. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் உயிரே போகலாம்.

இதை உங்களுக்கு மாத்திரை தருகிற இடத்தில் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பன்னெண்டு வருசமா போறேண்ணே. எடை பாக்குறாங்க, மாத்திரைய எண்ணுறாங்க, ரத்தம் எடுக்குறாங்க. நல்லாத்தான் பாக்குறாங்க. இத மட்டும் அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. இந்த நோய வச்சிக்கிட்டு உனக்கு இது வேற கேக்குதான்னு சொல்லிருவாங்களோன்னு பயம்.”

ஐயா, தங்கள் சங்கத்தின் பெருமையை நான் அறிவேன். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யில் அவற்றைச் சோதித்தார்கள். நாட்டிலேயே முதலாவதாக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று 1994-ல் சங்கம் அமைத்ததும் நம் மாநிலம்தான். வேறு எங்கும் படுக்கை கிடைக்காதவர்களைத் தாம்பரம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முதல் வரிசையில் தாம்பரம் இருந்தது. அதற்கு முன் எலும்பும் தோலுமாகச் செத்துப்போனவர்களை எங்கள் தெருக்களும் பார்த்திருக்கின்றன. இன்று அவர்களைப் போன்றவர்கள் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இதைச் செய்தவர்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. 1986-ன் அந்த முதல் மாதிரிகள், பெண்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்களை யாரும் தேடவில்லை. பிறகு ஆண்களைத் தேடியபோது, நோயைப் பரப்புகிறவர்களாகத் தேடினோம். லாரி ஓட்டுநருக்கு ஆணுறை கொடுத்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன், விளம்பரத்துக்காகப் படைத்த ஒரு கற்பனை மனிதரை வைத்து, “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று சுவரெல்லாம் கேட்டோம். அந்தப் பெயர் தெரியாத தமிழர் அன்று கிடையாது. எச்சரிக்கை தேவைப்பட்ட காலம், எச்சரித்தோம். ஆனால் புள்ளிராஜாவுக்கு வந்துவிட்டால் அதன் பிறகு அவர் எப்படி வாழ்வார் என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை. அரசு மருந்தால் பிழைத்த அந்தப் புள்ளிராஜாக்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவர்தான் என் கடை வாசலில் தெருவிளக்கோரம் நின்றவர்.

அவருடைய குறைக்கு நம் மொழியில் வைத்திருக்கும் பெயரையும் பாருங்கள். ஆண்மைக்குறைவு. ரத்தக் குழாயிலோ நரம்பிலோ சுரப்பியிலோ மனதிலோ வந்த ஒரு கோளாறை, ஆளே குறைந்துபோனதாகச் சொல்லும் சொல். மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் விறைப்புத்தன்மைக் குறைபாடு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நோயாளி கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய வார்த்தை இல்லாததால்தான், பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ் அவரைக் கூப்பிடுகிறது. லேகியம் ஒரு மண்டலம், ஊசி பத்து நாள், காசு ஆயிரக்கணக்கில். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, நோட்டீஸ் சுவரில் இருக்கிறது.

ஜிம்முக்குப் போகிற இளைஞர்களின் கதை வேறு மாதிரி. உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், பிள்ளை பெறுவதே கேள்விக்குறியாகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரே ஊசியை இருவர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலையும் கூடவே வரலாம். ஹார்மோன் தேவைப்படாதவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கோ பரிசோதனைகூட நடப்பதில்லை.

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஆண்களைத்தான் சொல்கிறேன். அவர்களில் கணிசமானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது உலகம் முழுக்க அறியப்பட்ட விஷயம். விருப்பம் வற்றிப்போவது, காரணமில்லாத சோர்வு, தசை கரைவது, எலும்பு வலுவிழப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். ஆனால் சாதாரணமாக எடுக்கும் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சோதனை இவர்களிடம் ஏமாற்றிவிடும். ரத்தத்தில் இந்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதம் இவர்களுக்குக் கூடுதலாக இருப்பதுண்டு. மொத்தக் கணக்கு சரியாகத் தெரியும், உடம்புக்குக் கிடைப்பது குறைவாக இருக்கும். அதனால் காலை நேரத்தில் ரத்தம் எடுத்து, கட்டற்ற அளவைப் பார்த்து, இன்னொரு காலையிலும் உறுதி செய்துகொண்ட பிறகே சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கினால் ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை வேண்டும் என்கிறவருக்கு டெஸ்டோஸ்டிரோன் தரவே கூடாது.

எல்லாக் கோளாறும் ஹார்மோனால் வருவதும் கிடையாது. சர்க்கரையால் வரும், புகையால் வரும், மனச்சோர்வால் வரும். முன்பு தந்த எஃபாவிரென்ஸ் மருந்தால் சில ஆண்களுக்கு மார்பு பெருத்தது. சட்டையைக் கழற்றவே கூசி, மனைவியிடமிருந்து ஒதுங்கியே படுத்த ஒருவரை எனக்குத் தெரியும். விறைப்புக் குறைவது பல நேரம் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இதயம் அனுப்பும் தகவல். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால், இந்தத் தகவலைப் படிக்காமல் விடுவது நமக்கு நட்டம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாரம் பயம். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. இதை நிறுவிய ஆய்வுகளில் முக்கியமானது ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்தது. சென்னைத் தம்பதியரும் அதில் இருந்தார்கள். 2011-ல் அதன் முதல் முடிவு வந்தது. நம் ஊர்க்காரர்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குச் சொன்ன அந்த உண்மை, நம் ஊர்ப் படுக்கையறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தினமும் மாத்திரை தவறாத ஆண்கள், மனைவியைத் தொட்டால் கொன்றுவிடுவோம் என்று நினைத்துத் திண்ணையில் படுக்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஒவ்வொரு கூட்டு மருந்து மையத்திலும், எடை பார்க்கும்போது கேட்பது போல, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: “உடலுறவில் ஏதாவது சிரமம் இருக்கிறதா?” திருமணமானவர், ஆகாதவர், ஆணோடு வாழும் ஆண், யாராக இருந்தாலும் பொருந்துகிற கேள்வி இது. நோயாளி கேட்கட்டும் என்று காத்திருந்தால் அவர் கேட்கவே மாட்டார். ஆண் ஆலோசகரிடம் பேச விரும்புகிறவருக்கு அந்த வழியும் இருக்கட்டும்.

ரிட்டோனவிர் எடுப்பவர் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஓர் அட்டை கொடுங்கள். மேலே நோயின் பெயர் வேண்டாம். ‘இந்த மாத்திரையோடு சேரக்கூடாதவை’ என்று மட்டும் இருக்கட்டும். முதல் நிலை மருந்தான டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்குச் சில்டெனாஃபிலால் இந்த மோதல் இல்லை. ஆனால் கால்சியம், இரும்புச் சத்து, அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த ஆன்டாசிட் மாத்திரைகளைக் கூடவே விழுங்கினால் டோலுடெக்ராவிரின் பலம் குறையலாம், டோலுடெக்ராவிரோ சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் கூட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மெட்ஃபார்மினும் மையத்தில் வாங்கும் மாத்திரையும் ஒரே வயிற்றில்தான் சேர்கின்றன. இரண்டையும் ஒருசேரப் பார்க்க ஒருவர் வேண்டும்.

காலை நேர டெஸ்டோஸ்டிரோன் சோதனையும், டாக்டர் எழுதித் தரும் சரியான அளவு மாத்திரையும் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கச் செய்யுங்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகிறவர்களுக்கு, ஆவடி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது மாலையில் இந்த ஆலோசனை நடக்கட்டும். சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் மீது சட்டம் பாயட்டும்.

கடைசியாக, எங்களைப் போன்ற மருந்துக் கடைக்காரர்களைப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். இந்த ஆண்கள் முதலில் வருவது எங்களிடம்தான். சீட்டில்லாமல் நூறை நீட்டுகிற கடைகளும் உண்டு என்பதை எங்கள் தொழிலின் குற்றமாகவே ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம் 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது என்கிறது. சுரண்டிய லேபிளைப் பார்த்த பிறகும் வாய் மூடி உதவுவது எப்படி என்று எங்களுக்கும் கற்றுத் தாருங்கள்.

அன்று இரவு அவருக்கு மாத்திரை தரவில்லை. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, “டாக்டர், எனக்கு உடலுறவில் சிரமம் இருக்கிறது. இந்த மருந்தோடு எது சாப்பிடலாம்?” என்று எழுதிக் கொடுத்தேன். பேச வேண்டாம், தாளை மட்டும் நீட்டுங்கள் என்றேன். நான்காக மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பகலிலேயே வந்தார். “டாக்டரம்மா கோவிச்சுக்கல அண்ணே. உக்கார வச்சுப் பேசுனாங்க. சுகர் பாத்தாங்க, இருநூத்தி நாப்பது. இருபத்தஞ்சு எழுதிக் குடுத்துருக்காங்க, ரெண்டு நாளைக்கு ஒண்ணுதான்னாங்க” என்று சீட்டைக் கவுண்டரில் வைத்தார்.

அந்த மையத்தில் டாக்டர் இருந்தார், அறிவு இருந்தது, இரக்கம் இருந்தது. கேள்வி மட்டும்தான் இல்லை. அதை ஒரு மருந்துக் கடைக்காரன் பில் தாளில் எழுதித் தர வேண்டியிருந்தது. இனி அந்தக் கேள்வி தங்கள் மையங்களிலிருந்தே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மருந்தாளுநர்,
வெள்ளானூர், திருவள்ளூர் மாவட்டம்.